பீடியை நிறுத்த எஸ்.எம்.எஸ். உதவுமா?

எஸ்.எம்.எஸ். என்றதும் இன்று பலருக்கும் ஓ.டி.பி. எண்ணும் கடன் விளம்பரமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதே எஸ்.எம்.எஸ். பீடி, சிகரெட்டை நிறுத்தவும் உதவும் என்பது உங்களுக்குத் தெரியுமா?

இங்கிலாந்தில் 5,800 பேரிடம் இதைச் சோதித்து, 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஐந்து வாரங்கள் தினமும் ஐந்து செய்திகள், பிறகு வாரத்திற்கு மூன்று. ஆசை தாங்கவில்லை என்றால் ஒரு சொல்லை அனுப்பினால் போதும், உடனே பதில் வரும். ஆறு மாதம் கழித்து 10.7 சதவிகிதம் பேர் புகையை விட்டிருந்தார்கள். இந்தச் செய்திகள் கிடைக்காத பிரிவில் 4.9 சதவிகிதம்தான். வாய்வார்த்தையை நம்பாமல் உமிழ்நீரையும் சோதித்தார்கள். நூற்றுக்குப் பத்துப் பேர்தானா என்று சிரிக்க வேண்டாம். இரு மடங்கு வித்தியாசம் இது. மருந்து இல்லை, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பதும் இல்லை.

நம் மத்திய அரசும் 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் எம்-செசேஷன் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் செய்திகள் வரத் தொடங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொடக்கத்தில் இந்தி, இங்கிலீஷ் செய்திகள்தான். எங்கள் பாஞ்சாலங்குறிச்சியில் என் பெரியப்பா வைத்திருப்பது பட்டன் போன். இங்கிலீஷில் எது வந்தாலும் விளம்பரம் என்று அழித்துவிடுவார். கரிசல் காட்டில் வேலை முடிந்து டீக்கடையில் உட்காரும்போது பீடிக் கட்டைத் தேடும் மனிதருக்கு, அவர் பேச்சில், அந்த நேரத்தில் செய்தி வர வேண்டும். "இதற்கு ஒரு ஆப் எழுதேன்" என்கிறார்கள் நண்பர்கள். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நானே சொல்கிறேன், ஆப் வேண்டாம்.

தமிழில் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலீஷில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸிற்கு 160 எழுத்துகள். தமிழுக்கு யூனிகோட் என்பதால் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'கோவில்பட்டி' நமக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பதினொன்று! எனவே சுருக்கமாக எழுத வேண்டும். "பெரியப்பா, மூணாம் நாள் ஆச்சு. டீக்கடைப் பக்கம் போகாதீங்க." எண்ணிப் பார்த்தேன், 57. ஒரே செய்தியில் அடங்கிவிடுகிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நீங்களும் இதைச் செய்திடலாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் கூகுள் மெசேஜஸ் இருந்தால், அதன் வெப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, கியூ.ஆர். கோடு மூலம் இணைத்திடவும். பிறகு கீபோர்டில் தமிழில் டைப் செய்து அனுப்பலாம். போனிலேயே என்றால் அனுப்பும் பட்டனை அழுத்திப் பிடித்து, எப்போது போக வேண்டும் என நேரம் குறித்து வைக்கலாம். காலை டீ, மதியச் சாப்பாட்டுக்குப் பின், மாலை டீக்கடை என மூன்று நேரம் போதும். ஒரே வாசகத்தைத் தினமும் அனுப்பினால் மூன்றாம் நாளே எரிச்சல் வந்துவிடும்.

செய்தியை மீறி அவர் தடுமாறினால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட், பீடிப் பாக்கெட்டுகளில் அச்சாகும் எண்தான் இது. புகைக்கும் ஆசை சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களைக் கடத்த எங்கள் ஊர்ப் பக்கம் கடலை மிட்டாய் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு வறுகடலை என்று மாற்றி அனுப்புங்கள்.