மியூனிக் கதையை முழுதாகச் சொல்லுங்கள்

'லினக்ஸ் சாதாரண ஆட்களுக்குச் சரிப்படாது, மியூனிக் நகராட்சியே கைவிட்டுவிட்டது' என்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்த அந்த நகராட்சி, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, அன்றாட அலுவல்களை லினக்ஸில்தான் நடத்தியது. விண்டோஸுக்குத் திரும்ப நகர மன்றம் வாக்களித்தது 2017-இல். அதே காலத்தில் பிரான்சின் ஜாந்தார்மரி காவல் படையில் பல்லாயிரம் கணினிகள் உபுண்டு என்ற லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் வேலை பார்த்தவர்கள் நிரலாளர்கள் அல்லர், காவலர்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடம் படிப்பதே லினக்ஸில்தான்.

டேலியை நம்பியிருக்கும் கணக்கரையும், போட்டோஷாப்பில் பிழைக்கும் அச்சகக்காரரையும் மாறச் சொல்ல மாட்டேன். அவர்கள் தொழில் கெடும். ஆனால் வீட்டுக் கணினியில் நடப்பது என்ன? கரண்ட் பில், ரயில் டிக்கெட், யூடியூப், பிள்ளையின் ப்ராஜெக்ட். பெரும்பாலும் எல்லாம் பிரவுசருக்குள்ளேயே முடிகிறது. லினக்ஸ் மின்ட்டில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிட்டால் தமிழும் தடையில்லாமல் வருகிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அடுத்த விண்டோஸ் கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் இல்லை என்பதற்காக, நன்றாக ஓடும் கணினியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்வது அநியாயம். பிறகு ஏன் மாறுவதில்லை? கணினி வாங்கும்போதே விண்டோஸ் இருக்கிறது, லினக்ஸ் போட்டுத்தர தெருமுனைக் கடையில் ஆள் இல்லை. தடை அங்கே இருக்கிறது, மென்பொருளில் தேடாதீர்கள்.