ஹெல்மெட்டைக் கழட்டாதீங்கய்யா!

1/ 'ப்ரொமீதியஸ்' (2012) பத்தி எப்பப் பேசினாலும் ஒரே கிண்டல்: "வயித்தைக் கிழிச்சு ஸ்டேப்பிள் அடிச்ச ஷா எப்படி ஓடுறா?" அதை விடுங்க, சினிமா. என் கோபம் வேற.

2/ அதே ரிட்லி ஸ்காட்டோட 'ஏலியன்' (1979). முகத்துல உயிரி ஒட்டின கேனை உள்ளே விட ரிப்ளி மறுப்பாங்க. 24 மணி நேரம் குவாரன்டைன். கேப்டனே சொல்லியும் அசையல. கதவைத் திறந்தது ஆஷ். விதி இருந்தது, மீறினாங்க, செத்தாங்க. பயம் அங்கதான் பிறந்தது.

3/ முன்கதையில? மூச்சு விடலாம்னு தெரிஞ்சதும் ஹாலோவே ஹெல்மெட்டைக் கழட்டுறார். மத்தவங்களும் கழட்டுறாங்க. ஆக்சிஜன் இருந்தா கிருமி இருக்காதா? பாம்பு மாதிரி நிக்கிறதைக் கொஞ்சப் போறவர் உயிரியலாளர்!

4/ "ஹாலோவேக்குத் தொற்று வந்தது டேவிட் பானத்துல கலந்ததாலதானே?"ன்னு ரசிகர்கள் வருவீங்க. அதேதான் என் புகாரும். ஹெல்மெட்டைக் கழட்டினதுக்கு இந்தப் படத்துல விலையே இல்ல.

5/ தொற்றோட வந்தவரை வாசல்லயே மறிக்கிறது விக்கர்ஸ் மட்டும்தான். அவங்களைத்தான் படம் கல்நெஞ்சக்காரியா காட்டுது. ஐசோலேஷன் வார்டு வாசல்ல "உள்ளே போகக் கூடாது"ன்னு சொல்ற நர்ஸ்கிட்ட தினமும் எகிறுறவங்களும் அப்படித்தான் பார்க்கிறாங்க. ரிப்ளியை நாயகியாக்கின இயக்குநர் இதைச் செய்யலாமா?