கோவேறு கழுதை காட்டிய வழி

பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நெடுஞ்சாலை, மற்றொன்று ஊருக்குள் செல்லும் சாலை. கோவேறு கழுதையின் மீது அமர்ந்திருக்கும் ஸ்பெயின் நாட்டு வீரன் கடிவாளத்தைத் தளர விடுகிறான். சற்று முன்னர் அவனுடன் வழிவந்த இஸ்லாமியர் ஒருவர், கன்னி மரியாள் குறித்து ஐயம் எழுப்பிவிட்டு, ஊர்ப்பக்கம் போய்விட்டார். துரத்திச் சென்று குத்திக் கொல்வதா, விட்டுவிடுவதா? வீரனுக்கு விளங்கவில்லை. கழுதை ஊர்ச்சாலையில் திரும்பினால் கொலை. நெடுஞ்சாலையில் நடந்தால் விடுதலை! கழுதை நெடுஞ்சாலையில் நடந்தது. ஒரு மனித உயிர் பிழைத்தது.

ஆண்டு 1522. வீரனின் பெயர் இக்னேஷியஸ் லயோலா. பின்னாளில் இயேசு சபையை நிறுவியவர்; புனிதர் பட்டம் பெற்றவர். இது பகைவர் புனைந்த கதையன்று. முதுமையில் அவரே சொல்லி எழுத வைத்த வரலாறு.

தோழர்களே! அன்று ஊர்ச்சாலை ஓரத்தில் பசும்புல் கண்டு கழுதை திரும்பியிருந்தால், விழுந்திருக்கும் பிணத்துக்கு என்ன பெயர் சூட்டியிருப்பர்? 'தேவ சித்தம்' என்றுதானே!

"அது பழங்கதை" என்பார்கள். இன்று நடப்பது என்ன? புத்தாண்டு நள்ளிரவில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறார்கள். எடுத்த அட்டையில் உள்ள வசனம் ஆண்டு முழுவதற்கும் ஆண்டவர் அருளியதாம். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வரியில் விடை தேடுவாரும் உண்டு. கேட்டால், கிதியோன் ஆட்டு ரோமத்தைக் களத்தில் போட்டுப் பனியைக் கொண்டு சோதித்தானே, சீடர்கள் சீட்டுப் போட்டு மத்தியாவைத் தேர்ந்தார்களே என்று சான்று காட்டுவர். அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பவரை 'அஞ்ஞானி' என்றழைக்கும் அதே வாய்! அங்கே பூ, இங்கே அட்டை. மார்க்கம் வேறு, மயக்கம் ஒன்று.

படித்த கிறித்தவ நண்பர் இதைக் கேட்டுப் புன்னகை புரிவார். "சீட்டும் அட்டையும் பாமரர் பழக்கம். நாங்கள் வேதத்தோடு ஒப்பிடுவோம், மூத்தோர் அறிவுரை கேட்போம், உள்ளத்தில் அமைதி பிறந்தால் அதுவே ஆண்டவர் காட்டும் வழி" என்பார். அந்த அளவுகோலையே எடுத்து அளந்து பார்ப்போம்.

திருமணத்துக்குத் தேவ சித்தம் தேடுகிறார்கள். முழங்காலில் நின்று ஜெபிக்கிறார்கள். நன்று! ஆனால், ஆண்டவர் காட்டும் பெண் பெரும்பாலும் அவரவர் சாதியிலேயே பிறந்திருக்கும் அற்புதம் என்ன? கிறித்தவ மணமகள் தேவை எனும் விளம்பரத்தில், சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயர் எதற்கு? வானத்திலிருந்து வரும் குரலுக்கும் வட்டாரச் சாதிக்கணக்கு தெரியுமோ!

நெல்லைச் சீமையிலே வடக்கன்குளம். அங்கே ஒரே பீடத்துக்கு இரு கைகளாக ஆலயம். நடுவே சுவர், வேளாளர் ஒருபுறம், நாடார் மறுபுறம்! அந்தப் பிரிவினையில் அமர்ந்து திருப்பலி கண்டவர்களின் உள்ளத்தில் அமைதி இல்லாமலா போயிற்று? 1910-இல் குருமார் சுவரை இடித்தனர். இடித்தவர்களைப் பாராட்டுகிறோம். இடித்ததை எதிர்த்தவர்கள் என்ன செய்தனர்? மனந்திரும்பவில்லை, வழக்கு மன்றம் ஏறினர், தோற்றனர். அதற்கு முன்பே, 1833-இல், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆங்கிலத் திருச்சபையின் ஆயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது, தஞ்சையிலும் திருச்சியிலும் சாதிக் கிறித்தவர்கள் சபையை விட்டே வெளியேறினர். சாதியைத் துறக்க மனமில்லை. சபையைத் துறக்க மனமிருந்தது! 2008-இல் எறையூரில், தலித் கிறித்தவர்கள் சம உரிமை கேட்டதைத் தொடர்ந்து மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இரு தரப்புக்கும் ஒரே வேதம், ஒரே சிலுவை, ஒரே ஜெபம்! வழி மட்டும் ஏன் இரண்டாயிற்று?

கடல் கடந்து பார்ப்பினும் இதே காட்சி. அமெரிக்காவில் அடிமை முறையைக் காத்தவரும் எதிர்த்தவரும் ஒரே வேதத்தை ஏந்தினர். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு வேத ஆதாரம் தேடித் தந்தது திருச்சபை ஒன்று.

கிறித்தவரை மட்டும் குறை சொல்வதாக எவரும் மகிழ வேண்டா. நமது புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில், தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியர், அம்மக்களை இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். உடனே ஒரு பெண்ணுக்கு 'அருள்' வந்தது! நீதி கேட்டு அல்ல. அவர்கள் உள்ளே வரலாகாது என்று இழித்துப் பேசுவதற்கு! அருளுக்கு முன் மண்டியிடாமல், சட்டம் வழக்குத் தொடுத்தது.

தெய்வத்தின் குரல் என்று வருவதெல்லாம், கேட்பவரின் ஆசையையோ அச்சத்தையோ சாதியையோ எதிரொலிப்பது ஏன்? குரலுக்கு உரியவர் அவரே என்பதால்தான்! "நான் விரும்பினேன்" என்று சொன்னால், பொறுப்பேற்க வேண்டும். காரணம் காட்ட வேண்டும். "கர்த்தர் சொன்னார்" என்றாலோ கேள்வியில்லை, கணக்கில்லை. அந்த வசதிக்குத்தான் 'வழிநடத்துதல்' என்று பெயர்.

மீண்டும் லயோலாவிடம் வருவோம். பின்னாளில் அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சி நூலில், உள்ளத்தின் அசைவுகளை நோக்கும் முறைகளோடு மற்றொன்றும் சொன்னார்: நன்மையையும் தீமையையும் எதிரெதிரே நிறுத்தி, அறிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார், முன்பின் அறியாத ஒருவனுக்கு என்ன அறிவுரை கூறுவாயோ, அதையே நீயும் செய். அந்தப் பகுதியைப் படிக்கும்போது நாம் கேட்கிறோம்: இதுதானே பகுத்தறிவு! கழுதையை விட்டு இறங்கிய இடத்தில்தானே நல்ல வழி தென்பட்டது! அறிவே சாய்ந்து காட்டிய பிறகு, அதன்மேல் ஆண்டவன் முத்திரை எதற்கு?

பொன்னமராவதிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் இளைஞனைப் பாருங்கள். அவன் கிறித்தவனோ, இந்துவோ, இஸ்லாமியனோ, புதுக்கோட்டைக்குச் செல்லப் பூக்கட்டிப் பார்ப்பதில்லை, அட்டை எடுப்பதில்லை. பலகையைப் படிக்கிறான், தெரிந்தவரைக் கேட்கிறான், ஏறுகிறான். ஒரு நாள் பயணத்துக்கு அறிவைத் துணைகொள்ளும் தோழனே! கல்வி, தொழில், காதல், திருமணம் என்னும் வாழ்நாள் பயணத்துக்கு மட்டும் ஏன் கடிவாளத்தைத் தளர விடுகிறாய்?

கடிவாளம் உன் கையில். கண் உனக்கு உண்டு. நீ செல்லும் வழியில் எவன் மிதிபடுகிறான், எவன் நிமிர்கிறான் என்று பார். அதுவே அளவுகோல்!