எர்த் கம்பியை நியூட்ரலாக மாட்டலாமா?

வீட்டு மின்சாரம்: கேள்வி - பதில்

“வீட்டிலிருந்து 40 அடி தள்ளி மாட்டுக்கொட்டகை இருக்கிறது. ராத்திரியில் மாடு கத்தினால் போனிலேயே லைட் போட்டுப் பார்க்கலாம் என்று ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கினேன். அதில் எல், என், எல்1 என்று மூன்று முனைகள் உள்ளன. கொட்டகை சுவிட்ச் பெட்டியில் இரண்டு வயரும் ஒரு பச்சை எர்த் கம்பியும்தான் வருகின்றன. ‘பச்சையை என் முனையில் மாட்டிவிடு, வேலை செய்யும்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மாட்டலாமா?”
- அந்தியூர் வாசகர்

மாட்டவே கூடாது. அவர் சொன்னதுபோல சுவிட்ச் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. வேலை செய்வதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லை. லைட்டுக்குப் போகும் பேஸ் வயரை வெட்டுவதும் சேர்ப்பதும்தான் அதன் வேலை. உங்கள் பெட்டியில் உள்ள இரண்டு வயரில் ஒன்று உள்ளே வரும் பேஸ், மற்றொன்று லைட்டுக்குப் போகும் வயர். நியூட்ரல் அந்தப் பக்கமே வராமல் நேராக லைட்டுக்குப் போய்விடும். ஆனால், ஸ்மார்ட் சுவிட்சுக்குள் வைஃபை வாங்கும் சிறிய சர்க்யூட் ஒன்று உண்டு. லைட் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்க வேண்டும். அதற்குப் பேஸும் நியூட்ரலும் எப்போதும் வேண்டும். அதற்காகத்தான் அந்த என் முனை.

எர்த்தை மாட்டினால் என்ன ஆகும்?

எர்த் கம்பி என்பது கரண்ட் ஓடுவதற்கான கம்பி அல்ல. கசிவு ஏற்பட்டால் மட்டும் அதை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய காவல் கம்பி. அதை நியூட்ரலாக்கினால், கரண்ட் 24 மணி நேரமும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கும் எர்த் குழிக்கும் இடையே எங்காவது அந்தக் கம்பி அறுந்தாலோ, துருப்பிடித்துக் கழன்றாலோ, சுவிட்சின் உள்சர்க்யூட் வழியாகப் பேஸ் அந்த எர்த் கம்பிக்கே வந்து நிற்கும். பிறகு அதோடு இணைந்த கிரைண்டர், ஃபிரிட்ஜ், இரும்புப் பெட்டி எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் இருக்கும். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தாலும் பாதுகாப்பு குறைந்துவிடும்.

கொட்டகையில் இது இன்னும் மோசம். தரை எப்போதும் ஈரம். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். நாம் உணராத சில வோல்ட் கூட மாட்டை உறுத்தும். நன்றாக இருந்த மாடு இரும்புத் தொட்டியில் தண்ணீர் குடிக்கத் தயங்கினால், கொட்டகைக்குள் வர மறுத்தால், நோய் என்று மட்டும் நினைக்காதீர்கள். எதையும் தொடாமல் முதலில் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

‘வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, அது ட்ரிப் ஆகிவிடாதா?’ என்று கேட்கலாம். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வீடுகளில் மாட்டுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. ஸ்மார்ட் சுவிட்ச் தனக்கு எடுக்கும் கரண்ட் அதைவிடக் குறைவாக இருக்கலாம். அதனால் அது ட்ரிப் ஆகாமலேயே இருந்துவிடும். எரிகிறது, ட்ரிப் ஆகவில்லை என்பதற்காக வயரிங் சரி என்று ஆகிவிடாது.

சரியான வழிகள்

1. உங்களுக்கு எளிதான வழி இது. கொட்டகைக்குப் போகும் லைன் வீட்டில் எந்த போர்டிலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் சுவிட்ச் போர்டிலேயே பிளக் பாயின்ட்டும் இருக்கும், அதனால் அங்கே பெரும்பாலும் நியூட்ரல் இருக்கும். ஸ்மார்ட் சுவிட்சை அந்த போர்டிலேயே மாட்டி, கொட்டகையின் பழைய சுவிட்சை எப்போதும் ஆன் நிலையில் விட்டுவிடலாம். வைஃபை சிக்னலும் கிடைக்கும், சாணமும் ஈரமும் சுவிட்சை அண்டாது. அந்த லைனில் லைட் மட்டும் இருந்தால்தான் இது பொருந்தும்.

2. சுவிட்ச் கொட்டகையில்தான் வேண்டும் என்றால், லைட் ஹோல்டருக்கு வரும் நியூட்ரலிலிருந்து தனியாக ஒரு கறுப்பு வயரைக் குழாய் வழியாகப் பெட்டிக்கு இழுக்க வேண்டும். அந்த நியூட்ரல் அதே லைனுடையதாக இருக்க வேண்டும். பக்கத்தில் போகும் மோட்டார் லைனிலிருந்து கடன் வாங்கக் கூடாது. அப்படிச் செய்தால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். ஒரு லைனை அணைத்துவிட்டு வேலை பார்ப்பவருக்கு மற்றொரு லைன் வழியாக ஷாக் அடிக்கவும் கூடும். பெட்டி தண்ணீர் புகாத வகையாக இருக்கட்டும்.

3. நியூட்ரல் தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்சுகளும் உண்டு. அவை லைட் வழியாகவே கொஞ்சம் கரண்டை இழுத்துக்கொள்ளும். குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் மங்கலாக எரியும் அல்லது மினுக்கும். அதற்குத் தயாரிப்பாளர் தரும் சிறு இணைப்புப் பொருளை லைட் பக்கம் சேர்க்க வேண்டும்.

4. எதுவும் ஒத்துவராவிட்டால், வைஃபை எட்டும் இடமாக இருந்தால் ஸ்மார்ட் பல்பு போதும். வயரிங்கைத் தொடவே வேண்டாம். சுவிட்ச் மட்டும் ஆனில் இருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் கம்பியாள் தகுதிச் சான்று பெற்றவரை வைத்தே செய்யுங்கள். வேலை நடக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை: மெயினை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதன் லைனில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதையும் அணைக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டு, மெயின் அருகே ஒருவரை நிறுத்துங்கள். பழைய வயர்களைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய வயரிங்கில் நிறத்தை நம்பக் கூடாது. கறுப்பு வயரையே சுவிட்ச் வயராக இழுத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ட்ரிப் ஆக வேண்டும். அதன்பின் மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று: லைட்டுக்கான இந்த சுவிட்சில் தண்ணீர் மோட்டாரை மாட்டிவிடாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. சுவிட்சின் உள்முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போனில் அணைத்தாலும் மோட்டார் நிற்காது.

“டெஸ்டர் வைத்து எரியாத கம்பியெல்லாம் நியூட்ரல்தானே?”
- செங்கம் வாசகர்

இல்லை. எர்த் கம்பியிலும் டெஸ்டர் எரியாது. துண்டித்துக் கிடக்கும் கம்பியிலும் எரியாது. மல்டிமீட்டரில் பார்த்தாலும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட் காட்டும், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறத்தாழ அதையே காட்டும். மாறாக, நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால், லைட் சுவிட்ச் ஆனில் இருக்கும்போது அந்த நியூட்ரல் கம்பியிலேயே டெஸ்டர் எரியும். ஆகவே டெஸ்டரை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. கரண்டை முழுதாக அணைத்துவிட்டு, அந்தக் கம்பி மெயின் போர்டில் நியூட்ரல் லிங்கில் போய்ச் சேர்கிறதா, எர்த்தில் சேர்கிறதா என்று தடம் பிடித்துப் பார்ப்பதுதான் சரியான முறை. டெஸ்டரையும், கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த பிளக்கில் முதலில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எல்லாக் கம்பியையும் ‘கரண்ட் இல்லை’ என்றே சொல்லும்.