கிராம சபை ‘வேண்டாம்’ என்றால்

ஓசூர், சூளகிரி, பர்கூர் வட்டாரத்தில் ஏதாவது ஒரு ஆலைத் திட்டத்தை ஊராட்சி எதிர்த்தால், மறுநாளே ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. ஊராட்சி மன்றத் தலைவருக்கு வேதியியல் தெரியுமா, கிராம சபையில் கை தூக்கினால் அது அறிவியல் ஆகிவிடுமா, அதையெல்லாம் பார்க்கத்தானே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். கெட்ட எண்ணம் கொண்டவர்களும் அல்லர். மேலோட்டமாகக் கேட்டால் நியாயமாகவே படும் இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறு. ஒரு இரசாயன ஆலை ஓர் ஊருக்கு வரலாமா என்ற கேள்வியில் வேதியியல் ஒரு பகுதி மட்டும்தான். எந்தக் கலவை எந்த வெப்பத்தில் கொதிக்கும் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். கழிவுநீர் எந்த ஓடையில் இறங்கி எந்த ஏரியில் போய்ச் சேரும், கோடையில் முதலில் வற்றுவது எந்தக் கிணறு, இரவில் புகை எந்தப் பக்கம் படியும், விபத்து நடந்தால் ஊர் எந்தப் பாதையில் வெளியேறும் என்பதெல்லாம் அந்த மண்ணில் வாழ்பவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அனுமதிக் கோப்பில் கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போவார். கிணறும் ஏரியும் ஊராட்சியின் பொறுப்பிலேயே இருக்கும்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று நினைப்பவர்கள் போபாலின் பழைய கோப்புகளைப் பார்க்கலாம். 1975இல் அந்த நகரத்தின் நிர்வாகியாக இருந்த எம்.என். புச், யூனியன் கார்பைடு ஆலையை நகரத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார். அவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர், ஐ.ஏ.எஸ். அதிகாரிதான்; ஆனாலும் நகராட்சியின் இடத்தில் நின்று பேசினார். ஆலை இடம் மாறவில்லை, அவர்தான் விரைவிலேயே மாற்றப்பட்டார். ஆலையை அங்கேயே இருக்க விட்டவர்களிடம் நிபுணர்களும் இருந்தார்கள், உரிமங்களும் இருந்தன. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறி, ஆலைச் சுவரை ஒட்டிய குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. புச்சின் நோட்டீசுக்கு வேதியியல் நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. ஆபத்தான ஆலையும் மக்கள் நெருக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது என்ற இடம் பற்றிய அறிவே அதற்குப் போதும்.

நமக்கு இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லையைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி ஊராட்சி. அதன் பிளாச்சிமடையில் 2000இல் கோகோ கோலா ஆலை தொடங்கியபோது உரிமம் கொடுத்ததே இந்த ஊராட்சிதான்; ஆகவே அதைத் தொழில் விரோதி என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டே ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் குறைந்தது, இருந்த நீரும் குடிக்க உதவாமல் போனது. 2002 ஏப்ரலில் பழங்குடி மக்கள் போராட்டம் தொடங்கினார்கள். 2003 ஏப்ரலில் ஊராட்சி, உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று முடிவெடுத்தது. அப்போதும் இதே கேள்விதான் எழுந்தது: ஊராட்சியிடம் ஆய்வகம் இருக்கிறதா? இல்லை. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் பி.பி.சி. வானொலி, ஆலை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்துவந்த கசடை இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கசடைச் சோதித்து, காட்மியம் இருப்பதை உறுதிசெய்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, மீண்டும் இயங்கவில்லை. 2010இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு, அந்த வட்டாரத்துக்கு நேர்ந்த இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. பெருமாட்டி ஊராட்சிக்குக் காட்மியம் பற்றித் தெரிந்திருக்காது. கிணறு கெட்டது தெரிந்தது. நிபுணர்களுக்கு முன்பே சரியான முடிவுக்கு வர அது போதுமாக இருந்தது.

வாரியம் பார்த்துக்கொள்ளும் என்பவர்கள், ஊரின் குரல் சட்டத்தின் எந்தெந்த வாசலில் நிறுத்தப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலை கட்டவும் இயந்திரம் நிறுவவும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. மறுபுறம், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், பர்கூர், சூளகிரி, போச்சம்பள்ளி, குருபரப்பள்ளி என்று அரசின் சிப்காட் தொழில் வளாகங்கள் விரிந்துகொண்டே போகும் நிலையில், இந்த விலக்கு எவ்வளவு பெரிய பரப்பை மக்கள் கேள்விக்கு அப்பால் வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிலம் எடுக்கும் கட்டத்திலாவது கேட்கிறார்களா? 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் ஊராட்சியைக் கலந்து சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது. தமிழ்நாடு தன் 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தை அந்த நிபந்தனைக்கு வெளியே வைத்துக்கொண்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது; அரசு உடனே புதிய சட்டம் இயற்றி அதற்கு உயிர் கொடுத்தது; 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளின் விவசாயிகள் 2023இல் சிப்காட் நில எடுப்பை எதிர்த்து மாதக்கணக்கில் காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்ததற்குப் பிடிவாதத்தைக் காரணம் சொல்பவர்கள், அவர்கள் முறையாகப் பேசுவதற்கு எந்த அறையில் நாற்காலி போடப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டின் இரண்டாவது உருக்காலைக்கு மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயம் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது 2018 மே 23 அன்று. ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது அதற்கு முந்தைய நாள்.

எல்லைப் பகுதியில் சிக்கல் இன்னும் ஆழமானது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்கு ஓரமாக வந்து கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவும் அதில்தான் சேருகிறது. கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் மிதக்கும் நுரையைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறது. இரண்டு மாநிலங்களுக்கும் வாரியங்கள் உண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இதை விசாரித்திருக்கிறது. நுரை நிற்கவில்லை. மேலே அனுமதி பெற்ற எந்த ஆலைக்கும் குடியிருப்புக்கும், கீழே அந்த நீரைப் பாய்ச்சும் ஊராட்சிகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாநில எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வரும் திட்டங்களை மத்திய அளவில் பரிசீலிக்க வேண்டும் என்று 2006 அறிவிக்கையின் பொது நிபந்தனை சொல்கிறது. முதலில் 10 கிலோமீட்டராக இருந்தது 2014இல் பாதியானது. அந்தத் தூரத்தையும் இரு மாநிலங்கள் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டு நீக்கிவிடலாம். ஓசூரில் ஆலைக்கழிவு தென்பெண்ணையில் கலந்தால் அது கிருஷ்ணகிரி அணைக்கும், சாத்தனூருக்கும், கடைசியில் கடலூருக்கும் போகும். கர்நாடகத்திடம் நாம் என்ன கேட்கிறோமோ அதையே நமக்குக் கீழே இருப்பவர்கள் நம்மிடம் கேட்க உரிமை உண்டு.

வேலைவாய்ப்பு போய்விடுமே என்பது உண்மையான கவலை, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்திராவிட்டால் இன்றைய ஓசூர் இல்லை. ஆனால் வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலையையும், கரைப்பானும் பூச்சிக்கொல்லி மூலப்பொருளும் காய்ச்சும் ஆலையையும் ஒரே தராசில் வைப்பது யாருக்கும் நல்லதல்ல. ஆலையைப் பிரித்துப் பார்க்க அரசுக்கும் தெரியும். 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவை அங்கே புதிதாக வரக் கூடாது என்று சட்டம் போட்டது அரசேதான். டெல்டாவில் வளர்ச்சிக்கு எதிரி ஆகாத அந்த மறுப்பை, பெங்களூரா மாமரமும் ரோஜாத் தோட்டமும் உள்ள கிருஷ்ணகிரி ஊராட்சி சொன்னால் மட்டும் அறியாமை என்பது என்ன நியாயம்?

நாம் மறுத்தால் ஆலை வேறு ஊருக்குப் போகும், தொல்லையைத் தள்ளிவிட்டதாகத்தானே ஆகும் என்றும் கேட்கிறார்கள். 1993இல் இரத்தினகிரியின் அல்போன்சா மாம்பழ விவசாயிகள் எதிர்த்ததால் ஸ்டெர்லைட் மகாராஷ்டிரத்தை விட்டு வெளியேறி, அடுத்த ஆண்டே தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டியது. இதில் இரத்தினகிரியின் குற்றம் எதுவும் இல்லை. ஓர் ஊர் ஏன் மறுத்தது என்று அடுத்த ஊரிடம் சொல்லாமல், அந்த ஊரைக் கேட்காமலும் இருந்தவர்கள்தான் பொறுப்பு. ஊராட்சித் தலைவரை விலைக்கு வாங்கிவிடலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு: ஒருவரை வாங்குவது எளிது, எல்லோரும் பார்க்க நடக்கும் கிராம சபையில், கேள்விகளும் பதில்களும் தமிழில் எழுத்தாகப் பதிவாகும்போது ஊரையே வாங்குவது கடினம்.

ஆகவே தொழிற்பேட்டைக்குள் இருந்தாலும் இரசாயன ஆலைக்குக் கருத்துக் கேட்பு விலக்கு கூடாது. கிராம சபையின் ஒவ்வோர் எதிர்ப்புக்கும் வாரியம் எழுத்தில் பதில் தராமல் இசைவாணை வழங்கக் கூடாது. எல்லைக்கு அருகில் என்றால் கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கத்து ஊராட்சிகளும் ஓசூர்ப் பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்து உட்கார்ந்து பேச வழி வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக ஊராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இருந்தாக வேண்டும். 2016 இறுதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்து ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரியில் அந்த மன்றங்களின் காலமும் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அரசு நியமித்த அலுவலர், அரசு விரும்பும் ஆலையை ஊரின் சார்பில் மறுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில், மாசு மிகுந்தது என்று வகைப்படுத்தப்படும் சிவப்பு வகை ஆலை எதற்கும் அந்த ஊராட்சி எல்லைக்குள் புதிய அனுமதி தரக் கூடாது.