தத்துப் பிள்ளை எத்தனை கோர்ட்டு ஏறுவது?

அப்பா செத்து பதினாறாம் நாள் காரியம் முடியும். பந்தியில் சாப்பிட்ட கை காயாது. அதற்குள் சித்தப்பா மகனிடம் இருந்து வக்கீல் நோட்டீஸ் வந்து விழும்.

"நீ எங்க பெரியப்பாவுக்குப் பிள்ளையே இல்லை. உன்னைத் தத்து எடுத்தது செல்லாது. வீட்டைக் காலி பண்ணு!"

முப்பது வருஷம் 'அப்பா' என்று கூப்பிட்டவன், கொள்ளி வைத்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கோர்ட்டுப் படி ஏறுகிறான். கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பு. அதன் மேல் அப்பீல். பிறகு ஐகோர்ட்டில் இரண்டாவது அப்பீல். பணம் இருந்தால் டெல்லி. வழக்கு முடியும்போது அவன் தலை நரைத்துப் போகும்.

சொத்து உள்ள குடும்பங்களில் பழகிப் போன கதை இது. பெரிய சொத்து என்று இல்லை. ஒண்டுக் குடித்தன வீடு ஒன்று, கடை ஒன்று இருந்தாலே போதும்.

ராணியையும் விடவில்லை

ராமநாதபுரம் ராணியே இந்தச் சங்கடத்தில் இருந்து தப்பவில்லை. ஜமீன்தார் பிள்ளை இல்லாமல் இறந்தார். விதவை ராணி, பங்காளிகளின் சம்மதத்தோடு ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்தார். வெள்ளைக்கார அரசு ஒப்புக் கொள்ளவில்லை. "கணவர் அனுமதி தரவில்லையே! வாரிசு இல்லாத சொத்து சர்க்காருக்கு" என்றது. கீழே தோற்றும் மதுரை கலெக்டர் விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போனார். 1868-ல் தீர்ப்பு வந்தது. சுவீகாரம் செல்லும்! அந்தப் பையன்தான் முத்துராமலிங்க சேதுபதி. பாஸ்கர சேதுபதியின் தகப்பனார்.

ராணிக்கு லண்டன் வரை போகப் பணம் இருந்தது. பாரிமுனையில் கடை வைத்திருப்பவருக்கு?

கை மாறியதா?

1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் பல முடிச்சுகளை அவிழ்த்தது. பெண் குழந்தையையும் தத்து எடுக்கலாம் என்றது. ஹோமம் வளர்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. பெற்றவர் கொடுக்க வேண்டும். எடுப்பவர் வாங்க வேண்டும். குழந்தை நிஜமாகக் கை மாற வேண்டும்.

அங்கேதான் வினை. வளர்த்தார்கள், படிக்க வைத்தார்கள், கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்கள். எல்லாம் சரி. "கொடுத்ததையும் வாங்கியதையும் பார்த்தவர் யார்?" என்று கோர்ட்டு கேட்கிறது. பார்த்த பாட்டி போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆயிற்று! வளர்ப்புப் பிள்ளை வேறு, தத்துப் பிள்ளை வேறு என்று 2020-ல் கூட சுப்ரீம் கோர்ட்டு ஒரு மகளின் வழக்கைத் தள்ளி விட்டது. வளர்த்தது உண்மை, தத்துக்குச் சாட்சி இல்லை.

'மேலே பார்த்துக் கொள்ளலாம்' என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. ஐகோர்ட்டில் இரண்டாவது அப்பீல் என்றால் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் எடுப்பார்கள். 'நடந்ததா, இல்லையா' என்ற சங்கதி பெரும்பாலும் கீழேயே முடிந்து விடும்.

இதற்கு மருந்து அதே சட்டத்தில் இருக்கிறது. கொடுப்பவரும் எடுப்பவரும் கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவு செய்த பத்திரம் இருந்தால், தத்து முறைப்படி நடந்ததாகவே கோர்ட்டு எடுத்துக் கொள்ள வேண்டும். இல்லை என்பவன்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் முடிகிற வேலை! அதைச் செய்யாமல் வெறும் முத்திரைத் தாளில் நாலு வரி எழுதிப் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். 'நம்ம சொந்தக்காரங்கதானே' என்ற நம்பிக்கை. பிறகு நோட்டீஸ் அனுப்புவது அதே சொந்தக்காரர்தான்.

கலெக்டர் உத்தரவு

அனாதைக் குழந்தைகள், கைவிடப்பட்ட குழந்தைகள் விஷயம் தனி. அவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டம் உண்டு. எந்த மதத்தவரும் இதன்படி தத்து எடுக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதற்கு முன் ஒரு முஸ்லிமோ கிறிஸ்தவரோ 1890-ம் ஆண்டுச் சட்டத்தை நம்பியிருந்தால் வெறும் 'கார்டியன்'தான். குழந்தைக்கு 18 வயதானால் அந்த உறவும் சட்டத்தில் முடிந்தது!

இந்தச் சட்டத்தின் கீழ் முன்பு கோர்ட்டுதான் தத்து உத்தரவு போட்டது. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எழுதியதோடு சரி. அதனால் 2021-ல் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பர் முதல் அந்த அதிகாரத்தைக் கலெக்டர் கையில் கொடுத்து விட்டார்கள். நிலுவையில் இருந்த வழக்குகளின் கதி என்ன என்று பெற்றோர் தவித்தார்கள். அவற்றை நீதிபதிகளே தொடர்ந்து விசாரிக்கட்டும் என்று 2023 ஜனவரியில் பம்பாய் ஐகோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது.

வேகம் வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை வாய்தாவுக்குக் காத்திருக்குமா? ஆனால் கலெக்டர் சும்மாவா இருக்கிறார்? திங்கட்கிழமை மனு நாள். மழை வந்தால் வெள்ள நிவாரணம். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்பீல் யாரிடம்?

கலெக்டர் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் டிவிஷனல் கமிஷனரிடம் அப்பீல் செய்யலாம். நாலு வாரத்தில் முடிவு செய்யப் பார்க்க வேண்டும். நல்ல கெடுதான்.

ஆனால் தமிழ்நாட்டில் டிவிஷனல் கமிஷனர் என்ற பதவியே கிடையாதே! அப்படிப்பட்ட மாநிலங்களில் அதே அந்தஸ்துள்ள அதிகாரியை அரசு நியமிக்கலாம் என்கிறது சட்டம். ஒரு அதிகாரி போட்ட உத்தரவை இன்னொரு அதிகாரி பார்ப்பார்.

இது போதாது. ரேஷன் கார்டு விவகாரம் என்றால் போதும். ஒரு குழந்தைக்கு அப்பா, அம்மா யார் என்பதை முடிவு செய்கிற உத்தரவு இது. சொத்து, பெயர், வாரிசு எல்லாம் அதில் தொங்குகிறது. முதல் உத்தரவைக் கலெக்டர் போடட்டும். அப்பீலாவது மாவட்ட நீதிபதியிடம் போக வேண்டும். சாட்சியை எடை போடுவது அவர்களுக்குத்தான் தினசரி வேலை. அதே நாலு வாரக் கெடுவை அவர்களுக்கும் வைக்கலாம்.

சட்டத்தைத் திருத்த நாள் ஆகும். அதுவரை ஒரு சின்ன காரியம் செய்யலாம். அப்பீலை எந்த அதிகாரியிடம், எந்த ஆபீசில், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் தமிழில் ஒரு போர்டு மாட்டட்டும். முப்பது நாள் கெடுவில் பத்து நாள், எந்த வாசல் என்று விசாரிப்பதிலேயே போய் விடுகிறது.