மூச்சுக்காற்றில் ஏற்றத்தாழ்வு

நிலத்திற்கு எல்லைக்கல் உண்டு. கிணற்றுக்கும் உரிமையாளர் உண்டு. காற்று ஒன்றே யாவர்க்கும் பொதுவான சொத்து என்று நாம் நம்பி வந்துள்ளோம். அப்பொதுச் சொத்திலும் வசதியுள்ளோர்க்கு ஒரு பங்கும் ஏழைக்கு வேறு பங்குமாகக் கிடைத்து வருவதை, நெய்வேலி வட்டாரத்து அங்கத்தினர்கள் நன்கு அறிவர். அது குறித்துச் சில கூறுதல் நம் கடமையெனக் கருதுகிறோம்.

நெய்வேலியால் நாடு அடைந்த நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. 1956-இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பெற்றது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தந்தது. தன் காலம் முடிந்து 2020-இல் ஓய்வு பெற்றது. பின்னர் எழுந்த நிலையங்கள் இன்றும் இயங்குகின்றன. அங்கே பிறக்கும் மின்சாரம் தென் மாநிலங்கள் பலவற்றிற்கும் செல்கிறது. தூசியோ, பெரும்பாலும் பிறந்த இடத்தை அடுத்தே படிகிறது.

இதன் காரணம் எளிது. உயர்ந்த புகைபோக்கியின் புகை வெகுதூரம் பரவிச் செல்லும். தரைமட்டத்தில் எழும் தூசி அவ்வளவு தூரம் செல்லாது. திறந்தவெளிச் சுரங்கமாதலின், ஒரு டன் நிலக்கரிக்காகப் பன்மடங்கு மேல்மண்ணை அகற்ற வேண்டியுள்ளது. அம்மண் மேடுகளும், உலர்ந்த சாம்பலும், லாரிகள் ஓடும் பாதைகளும் அண்டைக் கிராமங்களையே முதலில் தாக்கும். நகரியத்து வட்டங்களில் அகன்ற சாலைகளும் அடர்ந்த மரங்களும் உள்ளன. வெளியே ஒப்பந்தத் தொழிலாளர் வாழும் குடியிருப்புகளுக்கு அந்த வசதி ஏது?

ஒரே காற்று வீசும் இடத்திலும் சுவாசிக்கும் அளவு ஒன்றாயிராது. கதவடைத்த அறையில் அமர்ந்து பணி செய்வோரும், வெயிலில் குனிந்து களையெடுக்கும் பெண்ணும் ஒரே அளவு தூசியை உட்கொள்வதில்லை. உடலுழைப்பு மிகுந்தால் மூச்சும் மிகும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும் நெசவாளி, நூலில் படியும் தூசியைக் கண்ணால் காண்கிறார்; நுரையீரலில் படிவதைக் காண இயலாது. மாலையில் வீடு திரும்பினால், விறகடுப்பின் புகையும் அதனுடன் சேர்கிறது.

சட்டம் இவ்வேற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும். அனல்மின் நிலையங்களின் கந்தக வாயுவுக்கு மத்திய அரசு 2015-இல் வரம்பு விதித்தது. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. தலைநகர் வட்டாரத்திற்கோ பத்து லட்சம் மக்கள் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்கே கட்டாயம் உறுதியாக நின்றது. செலவு மிகும், மின்விலை உயரும் என்பது விலக்குக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதை நாம் எள்ளி நகையாடோம். ஆயினும், தலையெண்ணிக்கை குறைந்த ஊரில் மூச்சின் மதிப்பும் குறையுமோ என்று கேட்கிறோம்.

நுண்தூசிக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டரில் 40 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு வரம்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவு 5. எந்த வரம்பாயினும், அளவுக் கருவி வைக்கப்படும் இடமே முக்கியம். நிழல் சூழ்ந்த சாலையில் எடுத்த அளவு, மண்மேட்டடியில் வாழும் குடும்பத்தின் நிலையைக் கூறாது.

எனவே சங்கங்கள் செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, சுரங்கத்தை அடுத்த கிராமங்களிலும் அளவுக் கருவிகள் வைத்து, முடிவுகளைத் தமிழில் ஊராட்சிப் பலகையிலும் சங்கப் பலகையிலும் வெளியிடுமாறு கோருதல். இரண்டாவது, பாதைகளுக்கு நீர் தெளித்தல், லாரிகளைத் தார்ப்பாயால் மூடுதல், சாம்பலை ஈரமாக வைத்தல், மேடுகளில் மரம் வளர்த்தல் ஆகியவற்றைக் கிராமப் பக்கத்திலிருந்தே தொடங்கச் சொல்லுதல். மூன்றாவது, நெசவாளர்க்கும் விவசாயத் தொழிலாளர்க்கும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை கேட்டல்.

தனி ஒருவர் எழுதும் மனு கோப்பிலே உறங்கக்கூடும். மகாசபைத் தீர்மானமும் கிராம சபைத் தீர்மானமும் ஒருங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்குச் சென்றால், அவற்றிற்குப் பதில் கூறாதிருத்தல் எளிதன்று. நூலையும் விதையையும் ஒன்றுகூடி வாங்கக் கற்ற நாம், நல்ல காற்றையும் ஒன்றுகூடியே கேட்போமாக. அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம்.